சிறுத்தைகள் மூட்டிய அடுப்பு

துப்பாக்கி ஏந்திய ஒரு கட்சி பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போடுகிறது. அந்தக் கட்சியின் போக்கு உங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உங்கள் தெருப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போவது உங்களுக்குத் தெரியும். உங்கள் பொறுப்பில் ஒரு கூடமும் சமையற்கட்டும் இருக்கின்றன. அல்லது கடையில் விற்பனைக்கு நாலு தட்டு முட்டை இருக்கிறது. வந்து கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

1969இல் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பாதிரியார்களும் கடைக்காரர்களும் தாய்மாரும் பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி இது.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 1966 அக்டோபரில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். (1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள் பெயரை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள், தமிழ்நாட்டின் விடுதலைச் சிறுத்தைகளுக்கும் வேர் அந்த இயக்கமே.) கறுப்பின மக்களைப் போலீஸ் அடித்து நொறுக்குவதைத் தடுக்க, ரோந்து வண்டிகளின் பின்னாலேயே ஆயுதத்தோடு போவது அவர்களுடைய முதல் வேலையாக இருந்தது. 1967 மே மாதம் சாக்ரமென்டோவில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே துப்பாக்கியோடு நுழைந்தார்கள். காலைச் சாப்பாடு தொடங்கிய 1969 ஜனவரியில் நியூட்டன் சிறையில் இருந்தார். ஒரு போலீஸ்காரர் இறந்த வழக்கு. அந்தத் தண்டனை பின்னால் மேல்முறையீட்டில் ரத்தானது என்றாலும், அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. ஆகவே கை கொடுக்கத் தயங்கியவர்களை எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது.

மேற்கு ஓக்லாந்தின் புனித அகஸ்டின் எபிஸ்கோபல் ஆலயத்தில்தான் முதல் அடுப்பு எரிந்தது. அருட்தந்தை ஏர்ல் நீல் இடம் கொடுத்தார். நடன ஆசிரியை ரூத் பெக்ஃபோர்ட் கூடவே நின்று ஏற்பாடுகளைப் பார்த்தார். முதல் நாள் வந்தவர்கள் 11 பிள்ளைகள். அந்த வாரம் முடிவதற்குள் 135 பேர் ஆனார்கள். முட்டை, ரொட்டி, பால், ஆரஞ்சு எல்லாம் அக்கம்பக்கத்துக் கடைகளும் நிறுவனங்களும் கொடுத்தவை. விடியுமுன் எழுந்து வந்து சமைத்தவர்களில் கட்சிக்காரர்களும் இருந்தார்கள், கட்சிக்குச் சம்பந்தமே இல்லாத தாய்மாரும் இருந்தார்கள். கட்சியின் புகழ்பெற்ற படங்களில் தோல் சட்டையும் வட்டத் தொப்பியும் அணிந்த ஆண்களே தெரிகிறார்கள். அடுப்படியின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள் பெண்கள்.

கொடுக்கக் கூடாது என்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. முட்டை பிள்ளையின் வயிற்றுக்குப் போகும், நல்ல பெயர் கட்சிக்குப் போகும். அந்த நல்ல பெயரை வைத்து அவர்கள் வேறு எதையோ செய்வார்கள், அதில் உங்களுக்கும் பங்கு வரும் என்பது அது. இதை மறுக்க வழியில்லை. பெயர் அவர்களுக்குத்தான் போயிற்று. ஆனால் அது அவர்கள் செய்த வேலைக்குக் கிடைத்த பெயர். பிடிக்காதவர்கள் அதைத் தடுக்க விரும்பினால், தாங்களே அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டியிருக்கலாம். அமெரிக்க அரசு 1966இலேயே பள்ளிக் காலை உணவுக்குச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அது சோதனைத் திட்டமாக, சில பள்ளிகளோடு நின்றிருந்தது. மேற்கு ஓக்லாந்தின் பிள்ளைக்கு முன்னால் அன்றைக்கு இருந்த வழிகள் இரண்டு: கட்சி போட்ட சாப்பாடு, அல்லது பட்டினி. மூன்றாவது ஒன்று இருப்பதுபோல் பேசுவது நேர்மையாகாது.

பணமாகக் கொடுப்பதும் பண்டமாகக் கொடுப்பதும் அறத்தில் ஒன்றல்ல. கட்சியின் உண்டியலில் போட்ட டாலர் எங்கே போனது என்று போட்டவருக்குத் தெரியாது. முட்டை எங்கே போனது என்று கண்ணால் பார்க்கலாம். சமையற்கட்டில் நிற்கிறவருக்கு இன்னொரு உரிமையும் கிடைக்கிறது: பந்தியில் நடப்பது தவறென்றால் அங்கேயே சொல்லலாம். விலகி நின்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சொல்ல வேண்டியவை இருக்கவும் செய்தன. சாப்பிட வந்த பிள்ளைகளுக்குக் கட்சியின் பாட்டுகளும் பாடங்களும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. எந்தக் கொடையாளர்தான் தன் சொல்லைக் கலக்காமல் சோறு போடுகிறார், ஆலயத்தில் சாப்பிடுமுன் ஜெபம் சொல்லவில்லையா, பள்ளிப் பாடநூல் கறுப்பின வரலாற்றை மறைக்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீ யாருக்கும் தாழ்ந்தவனில்லை என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதில் குற்றம் காணவும் முடியாது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் ஒரு கட்சியின் புகழை வைப்பது வேறு. பெரியவர் என்றால் கூட்டம் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார். பிள்ளையைப் பசி உட்கார வைத்திருக்கிறது. அந்தப் பசியைப் பயன்படுத்திக்கொள்வது, எவ்வளவு நல்ல கொள்கைக்காக இருந்தாலும், தவறு. பாடாத பிள்ளைக்கும் அதே சாப்பாடு கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் இது மாறாது. பாடாமல் இருக்க அந்த வயதில் யாருக்குத் துணிச்சல் வரும்?

கடைக்காரர்களிடம் நடந்துகொண்ட முறை இன்னும் சிக்கலானது. எங்கள் தெருவில் லாபம் எடுக்கிறீர்கள், எங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதில் தவறில்லை. கொடுக்காதவர் கடையில் வாங்காமல் இருப்பதும் அவரவர் உரிமை. 1971இல் ஓக்லாந்தில் நடந்தது அந்த எல்லையைத் தாண்டியது. கட்சியின் நலத்திட்டங்களுக்குத் தொடர்ந்து பணம் தர மறுத்ததற்காக, கறுப்பினத்தவர் ஒருவரே நடத்திய மதுக்கடைகளின் முன் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. 1972 தொடக்கத்தில்தான் சமரசம் ஆயிற்று. மறியலுக்குப் பயந்து கொடுப்பதைத் தானம் என்று சொல்ல முடியாது, அது வரி. வரி விதிக்கும் அதிகாரத்தை அந்தக் கட்சிக்கு யாரும் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வாங்கியதால் அது இன்னும் மோசம். மறுத்தவர் பிள்ளைகளின் எதிரியாகி விடுகிறார்.

இவ்வளவும் கட்சியின் கணக்கில் எழுத வேண்டியவை. எதிர்ப்பக்கம் நின்ற அரசின் கணக்கு இதைவிட மோசம். எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் 1969 மே மாதக் குறிப்பொன்றில், கட்சியை ஒடுக்கும் முயற்சிக்குப் பெரிய ஆபத்தாக இந்தக் காலைச் சாப்பாட்டையே கருதினார். துப்பாக்கியைவிட முட்டை அவரை உறுத்தியது. அதனால் அவருடைய ஆட்கள் ஆதரவாளர்களைக் குறிவைத்தார்கள். போலீஸைக் கொல்வதுபோல் படங்கள் கொண்ட, பிள்ளைகள் வண்ணம் தீட்டும் புத்தகமொன்றை உணவு கொடுத்துவந்த நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். அது கட்சித் தலைமை வேண்டாமென்று ஒதுக்கிய புத்தகம். சான் டியேகோவில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் தம் ஆலயத்தில் காலைச் சாப்பாட்டுக்கு இடம் கொடுத்திருந்தார். பங்கு மக்கள் பேசுவதுபோல் ஆயருக்கு அநாமதேயத் தொலைபேசி அழைப்புகள் போயின. பாதிரியார் நியூ மெக்ஸிகோவுக்கு மாற்றப்பட்டார். இவற்றையெல்லாம் ஃப்ராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு 1976இல் வெளிக்கொணர்ந்தது. கட்சியோடு அரசுக்கு இருந்த சண்டையில் பிள்ளைகளின் தட்டைத் தட்டிவிடுவது ஒரு போர்முறையாக இருந்திருக்கிறது.

பள்ளிக் காலை உணவை அமெரிக்க நாடாளுமன்றம் 1975இல் நிரந்தரத் திட்டமாக்கியது. அதற்குள் கட்சி பெரும்பாலும் தேய்ந்துவிட்டது.

பாட்டுக்கும் மறியலுக்கும் கட்சியைக் கண்டிக்கலாம், கண்டிக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்லி முட்டையை மறுத்தவர்கள் தவறு செய்தார்கள். சான் டியேகோப் பாதிரியார் கூடத்தைத் திறந்துவிட்டது சரி.