விதியும் மனிதனும்

ஏழை மக்களிடையே தொண்டு செய்யப் புகுபவன், தன்னிடம் உதவி நாடி வருபவனைவிட எவ்வகையில் அறிந்தவன்? இவ்வினாவைத் தன்னையே கேட்டுக்கொள்ளாத சமூகத் தொண்டு, எத்துணைத் தூய நோக்குடையதாயினும் தீமையாய் முடிதல் கூடும். சிக்காகோ நகரில் நிகழ்ந்ததொரு சம்பவம் இதற்குச் சான்று.

1889ஆம் ஆண்டில் ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் என்னும் இரு பெண்கள் அந்நகரின் தொழிலாளர் பகுதியொன்றில் 'ஹல் இல்ல'த்தைத் தொடங்கினர். இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், கிழக்கைரோப்பிய யூதர் எனப் பல மொழியினரும் பல மதத்தினரும் நெருங்கி வாழ்ந்த இடம் அது. அவர்களிடையே குடியிருந்து பணிபுரிவதே அவ்விருவரின் நோக்கம்.

1893இல் பொருளாதார நெருக்கடி மூண்டது. வேலையிழந்து உதவி கேட்டு வந்தோருள் எழுதுவினைஞன் ஒருவனும் இருந்தான். கால்வாய் வெட்டும் வேலை இருக்கிறதென்றும், கிடைக்கும் வேலையை முயன்று பார்த்த பின்னரே உதவி கோருதல் முறையென்றும் ஜேன் அடம்ஸ் அவனுக்கு எடுத்துரைத்தார். தான் என்றும் உள்ளிருந்தே வேலை செய்தவன், குளிர்காலத்து வெளிவேலையைத் தன்னால் தாங்க இயலாது என்றான் அவன். ஆயினும் சென்றான். இரண்டு நாள் மண் வெட்டினான். நியுமோனியாக் காய்ச்சல் கண்டு ஒரு வாரத்தில் இறந்தான். அவன் விட்டுச் சென்றவை இரு சிறு குழந்தைகள். 1910இல் வெளியான தம் நூலில் இதனை ஜேன் அடம்ஸ் மறைக்காது எழுதியுள்ளார்.

இங்கே கொடியவர் எவருமிலர். விதியும் நியாயமானதாகவே தோன்றுகிறது. ஆனால், தன் உடல் எதைத் தாங்கும் என்பதை அறிந்திருந்தவன் அவன் ஒருவனே. தந்தைவழிச் சொத்துடையவர், மண்வெட்டி பிடித்தறியாதவர், அவனுக்கு உழைப்பின் கடமையைப் போதித்தார். வசதியுள்ளோன் 'இயலாது' என்றால் அது காரணம். வறியவன் சொன்னால் அது சாட்டு!

தனியார் கருணையால் பயனில்லை, சமுதாய அமைப்பே மாறவேண்டும் என்பர் நம் நண்பர். அது உண்மையே. ஹல் இல்லத்தாரும் அதனை உணராதவரல்லர். அங்கு வாழ்ந்த புளோரன்ஸ் கெலி முதலியோரின் முயற்சியால் 1893இல் இலினோய் மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. அதில் பெண்களின் வேலைநேரத்தை எட்டு மணியாக வரையறுத்த பிரிவை 1895இல் நீதிமன்றம் செல்லாதாக்கியது. போராட்டம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை.

எனினும், சட்டமும் ஒரு விதியே. எவ்வளவு நீதியான அமைப்பிலும் ஒரு மேசை இருக்கும். அதற்கு இப்பால் ஓர் அலுவலரும் அப்பால் ஒரு மனிதனும் இருப்பர். அம்மனிதன் சொல்வதை நம்பிக் கேட்கும் பழக்கத்தைச் சட்டம் தானாகத் தந்துவிடாது.

ஆகவே, சேவை செய்யப் புறப்படும் மாணவரும் அவர்களை அனுப்பும் ஆசிரியராகிய நாமும் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவே: 'என்னால் இயலாது' என்று ஒருவன் கூறும்போது, அறிவுரை கூறுமுன் அவனை நம்புதல்.