லடாக் கேட்பது சலுகை அல்ல

2025 செப்டம்பர் 24 அன்று லடாக்கின் லே நகரில் நடந்த போராட்டத்தில் பாதுகாப்புப் படையினர் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கார்கில் போரில் நாட்டுக்காக நின்ற முன்னாள் ராணுவ வீரர். இரண்டே நாளில், லடாக்கின் கோரிக்கைகளுக்காக உண்ணாவிரதம் இருந்த செயற்பாட்டாளர் சோனம் வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகி ஜோத்பூர் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். சொந்த மண்ணின் நிர்வாகத்தில் பங்கு கேட்டவர்களுக்கு அரசு தரும் பதில் இதுவா? இது அறமன்று.

லடாக் மக்கள் பிரிவினை கேட்கவில்லை. மாநிலத் தகுதியும், அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணையில் இடமும் கேட்கிறார்கள். அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் பழங்குடிப் பகுதிகளுக்கு நிலம், வனம், வழக்காறு பற்றிச் சட்டமியற்றும் மன்றங்களை அந்த அட்டவணை முன்பே கொடுத்துவிட்டது. லடாக்கிலோ பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பழங்குடியினர். லடாக்கை ஆறாவது அட்டவணையில் சேர்க்கத் தேசியப் பழங்குடியினர் ஆணையமே 2019இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு யூனியன் பிரதேசமானதும், ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்தில் லடாக்குக்கு இருந்த நான்கு இடங்களும் போயின. தனிச் சட்டமன்றமும் வரவில்லை.

இந்த இழப்பின் பொருள் லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் தெரியும். எந்த மந்தை எந்தப் பருவத்தில் எந்தப் புல்வெளிக்குப் போகலாம் என்று ஊர்த்தலைவர் முறைவைத்துப் பிரிக்க, அதன்படி பஷ்மினா ஆடுகளை மேய்ப்பவர்கள் சாங்பா மக்கள். அந்த மேட்டுநிலத்தில் பிரம்மாண்டமான சூரிய மின் திட்டம் வரப்போகிறது. புல்லின் அருமை அறிந்தவர்களிடம் அதைத் தடுக்கவோ திருத்தவோ அதிகாரம் இல்லை.

ஆள்வோர் மக்கள் சொல்லைக் கேட்க வேண்டும் என்பதில் நம் முன்னோர் தெளிவாக இருந்தார்கள். காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்பவனே வேந்தன் என்பது வள்ளுவம். வயலுக்குள் யானை புகுந்தால் அது தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம் என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்தார் பிசிராந்தையார். மூவேந்தர் முற்றுகைக்கு எதிரே பாரியின் பறம்பு மலைக்காக நின்றது கபிலரின் நா. வழக்கை விசாரிக்காமல் தண்டித்த பாண்டியன் உயிரையே விட்டதாகச் சிலம்பு சொல்கிறது.

சீன எல்லை என்ற கவலை நியாயமானதுதான். செப்டம்பர் 24 அன்று லே நகரில் ஒரு கட்சி அலுவலகத்துக்குத் தீ வைத்ததும் தவறுதான். ஆனால் 2024 ஜனவரியில் மேய்ச்சலைத் தடுத்த சீன வீரர்களிடம் வாதாடி நின்றவர்கள் அந்த ஆட்டிடையர்களே. எல்லையைக் காக்க அவர்களை நம்பும் நாடு, ஆட்சியையும் நம்பி ஒப்படைக்க வேண்டும். பெரும்பான்மையின் எண்ணிக்கை மட்டும் ஜனநாயகம் ஆகிவிடாது. சிறிய மக்கள் கூட்டத்தின் சொல்லும் சபையேற வேண்டும். ஆள்வோர் மனம் திறந்து பேசட்டும். குடிமக்களாகிய நாமும் தொலைவில் நடப்பதுதானே என்று வாளாவிருக்கலாகாது.