மறைத்துப் பெறும் கட்டணம் களவாகுமா?

வெளியூர்ப் பயணத்திற்கென விடுதி அறையொன்றை முன்பதிவு செய்கிறோம். பயண நாள் மாறுகிறது. தேதியை மாற்றக் கட்டணம் உண்டு. ரத்து செய்தாலோ முழு வாடகையும் திரும்பாது என்கின்றனர். "விதிகளை ஏற்பதாக நீங்கள்தாமே இசைந்தீர்கள்?" என்பது அவர்தம் விடை. இவ்விடை அறத்தின்முன் நிற்குமா?

ரத்துக் கட்டணமே தீது என்று கூறுதல் முறையன்று. நமக்கென ஒதுக்கிய அறை ஓரிரவு வெறுமையாய்க் கிடந்தால், அவ்விரவின் வருவாயை விடுதியாளர் மீண்டும் பெற இயலாது. அவ்விழப்பை ஈடுசெய்தல் நம் கடன். ஆயின், அதே அறையை வேறொருவர்க்கு அளித்து வாடகை பெற்றபின்னும் நம் பணத்தை முழுதும் வைத்துக்கொள்வது ஈடாகாது. இழப்பிற்குச் சற்றும் பொருந்தாத தண்டம் விதிக்கும் ஒப்பந்தத்தை நேர்மையற்றது என்றே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. இணையவழி வணிகத்தில், விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துப் பின்னர் காட்டுதல் உள்ளிட்ட 13 வகை ஏமாற்று முறைகளை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்தன.

சட்டம் நிற்க. பிறர் கொடாததைக் கொள்ளுதலே களவு என்பது நம் அறத்தின் கொள்கை. பொடி எழுத்தில் ஒளித்த நிபந்தனைக்கு விரல் இசைந்திருக்கலாம், மனம் இசையவில்லை. அறியாது தந்ததைக் கொடை எனல் எவ்வாறு?

நம்முள்ளும் வணிகர் உளர். திருமண மண்டபம் நடத்துவோர் உளர். முன்பணம் பெறும்போதே, நாள் மாறினால் எவ்வளவு, நின்றுபோனால் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்கிறோமா? சொன்னால் வந்தவர் போய்விடுவாரே என்னும் அச்சம் எழுமாயின், அத்தொகை நமக்கு உரியதன்று என்பதற்கு அவ்வச்சமே சான்றாகும்.