பெயர் களவுபோனால் பழி யாருக்கு?

1556ஆம் ஆண்டில் தென் பிரான்சிலுள்ள ஆர்த்திகா என்னும் சிற்றூருக்கு ஒருவன் வந்தான்; 1548இல் ஊரைவிட்டகன்ற மார்த்தன் கேர் தானே என்றான். மனைவியும் உறவினரும் அவனை ஏற்றுக்கொண்டனர். பின்னர் வழக்கெழுந்து, துலூஸ் நீதிமன்றத்தில் உண்மையான மார்த்தன் கேரே வந்து நின்றபோது பொய் வெளிப்பட்டது. 1560இல் அவ்வேடதாரி தூக்கிலிடப்பட்டான். பிறனொருவனாக வாழ்வதற்கு அவன் அப்பிறனின் வாழ்க்கை முழுவதையும் கற்கவேண்டியிருந்தது. இன்று அத்துணை உழைப்பு வேண்டியதில்லை. பல வேளைகளில் ஓர் இலக்கமும் ஒரு போட்டோப் பிரதியுமே போதுமானவை.

நமது தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய இலக்கத்தில் முதலிரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டில் பிறந்த நாளையும் குறிக்கும். பெண்ணாயின் நாளெண்ணோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு எண்களாக எழுதப்படுகின்றது, முறை மாறவில்லை. எனவே இலக்கத்தை அறிந்தவன் நமது பிறந்த தேதியையும் அறிவான். இதனை நாம் வங்கியிலும், விடுதியிலும், சிம் அட்டை விற்கும் கடையிலும், வாயிற்காவலரின் பதிவேட்டிலும் எழுதிக் கொடுக்கின்றோம். இத்தனை பேரறிந்த ஒன்று எவ்வாறு இரகசியமாகும்? இலக்கம் இன்னாரென்று சுட்டுமேயன்றி, அதைச் சொல்பவர் அவர்தாம் என்று நிறுவாது. சுட்டுவதைச் சான்றாகக் கொள்ளும் மயக்கமே இக்களவுக்கு இடமளிக்கின்றது.

ஒருவரின் பெயரால் வேறொருவன் கடன் பெறுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். இங்கு ஏமாந்தது யார்? ஆராயாது கடன் கொடுத்த நிறுவனமே. ஆயினும் ‘உமது அடையாளம் களவுபோயிற்று’ என்று கூறப்படும் கணத்திலேயே நட்டம் கைமாறிவிடுகின்றது. கடிதம் வருவது பெயருக்குரியவரின் வீட்டுக்கு. ஒரு நாட்கூலியை இழந்து அலுவலகப் படியேறுபவரும் அவரே. செய்யாத ஒன்றைச் செய்யவில்லையென நிறுவும் பாரம் அவர் தோளில் ஏற்றப்படுகின்றது.

அவர் விழிப்பாக இருந்திருக்கலாமே என்பர். விழிப்பு வேண்டியதே, மறுப்பதற்கில்லை. ஆனால் அட்டையைக் காட்டமாட்டேன் என்று சொல்லும் வலிமை எளிய மனிதருக்கு உண்டா? போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகளைக் கடந்தவர்கள் இவ்வினாவுக்கு விடையறிவர். கொடுக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டவரையே கொடுத்ததற்காகக் குறைகூறுவது அறமாகாது. கேட்டு வாங்குபவருக்கே காக்கும் கடமையுண்டு. கடனால் இலாபமடைபவரே ஆளைச் சரிபார்க்கும் செலவையும் ஏற்றல் வேண்டும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டது. ஆனால் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, ஏழைக்குத் துணைநிற்பது வேறு. அவ்விடைவெளியை நிரப்புவது மக்களின் கோரிக்கையே.

அதுவரை செய்யக்கூடியவற்றையும் விட்டுவிடலாகாது. பிரதி கொடுக்குமிடத்து அதன் குறுக்கே நோக்கத்தையும் தேதியையும் எழுதிக் கொடுப்போம். கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவருக்கும் கூறாதிருப்போம். நம் பெயரில் என்னென்ன கடன்கள் உள்ளன என்பதை இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்திடம் நாமே அறிக்கை பெற்றுப் பார்க்கலாம். ஐயம் தோன்றின் வங்கிக்கு எழுத்தில் அறிவித்து, பொலிசில் முறைப்பாடு செய்து, பிரதியைப் பேணுதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஆசிரியர்களாகிய நாம் நம்மையும் நோக்கவேண்டியுள்ளது. மாணவரின் பிறப்புச் சான்றிதழ்களும் பரீட்சை விண்ணப்பங்களும் பெற்றோரின் அட்டைப் பிரதிகளும் நம் அலுமாரிகளில் கிடக்கின்றன. பெயர்ப்பட்டியலைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்புகின்றோம். பழைய விண்ணப்பங்களைக் கடலை சுற்றும் கடைக்கு எடைக்குப் போடுகின்றோம். நிறுவனங்களிடம் நாம் கோரும் அதே கடமை நம் மேசையிலும் இருக்கின்றது. தன்னைக் காத்தல் என்பது ஒருவர் தனித்துச் செய்து முடிக்கக்கூடிய காரியமன்று. ஒருவர் பெயரை மற்றவர் காக்கும்போதே அது நிறைவேறும். நாளைக் காலை அந்த அலுமாரியைப் பூட்டுவதிலிருந்து நாம் தொடங்கலாம்.