ஊன்றிய கால்

போடிமெட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்புறம், தகரக் கூரையின் கீழே ஒரு படகு என்ஜின் இருபது வருஷமாகக் கிடந்தது. தோட்டக்காரரின் அப்பா அதைத் தூத்துக்குடியில் உடைத்துப் போட்ட ஒரு லாஞ்சிலிருந்து எடைக்கு வாங்கி, லாரியில் 17 கொண்டை ஊசி வளைவும் சுற்றி மேலே கொண்டுவந்தாராம். மாசி, பங்குனி வெயிலில் ஓடைத் தண்ணீரை ஏலச்செடிக்கு ஏற்றுவதற்கு. கரண்ட் மோட்டார் வந்ததும் நிறுத்தினார்கள். நிறுத்தினது நிறுத்தினதுதான்.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் என்ஜின் என்றால் லிஸ்டர் வகைதான். 1929-ல் இங்கிலாந்தில் வந்தது. இரண்டு பெரிய சக்கரம், நிமிஷத்துக்கு 650 சுற்று, அதற்கு மேல் அவசரப்படாது. பிறகு ராஜ்கோட்டில் அதே மாதிரி செய்து நாடு முழுக்க விற்றார்கள். அவற்றை நான் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன். போடியில் நாற்பது வருஷம் லேத் வைத்திருந்தவன். இது வேறு ஜாதி. பெயர்ப்பலகைகூட இல்லை. அதனால் படகு என்ஜின் தெரிந்த ஒரு தம்பியைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தேன்.

அவர் ஹேண்டிலைப் போட்டு ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. "அண்ணாச்சி, இது லாசரு கேஸ்" என்றார். பைபிளில் வரும், செத்து நாலு நாள் ஆனவன்.

"சாகலை தம்பி. மறைஞ்சிருக்கு" என்றேன்.

திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்த வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். எங்களுக்கு இறைவனின் தொழில் மூன்றல்ல, ஐந்து. படைத்தல், காத்தல், அழித்தலோடு மறைத்தலும் அருளலும் உண்டு. நடராசரின் உடுக்கையில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீ ஏந்திய கையில் அழிவு, தூக்கிய காலில் அருள். ஊன்றிய காலில்தான் மறைப்பு என்று மனவாசகங் கடந்தார் உண்மை விளக்கத்தில் சொல்கிறார். தூக்கிய காலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆட்டத்தின் பாரம் முழுக்க மற்றதில் நிற்கிறது.

ஹெட்டைக் கழற்றினோம். லைனரில் துரு, பிஸ்டன் பாதி வழியில் பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். அடித்தால் உடையும். தினமும் காலையில் மரக்கட்டையை வைத்து மேலே நாலு தட்டு, பிறகு டீ. ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் ஒரு நெல்லளவு இறங்கியது.

தண்ணீர் சுற்றும் அறையில் கடல் உப்பு கல்லாக இறுகியிருந்தது. மலையில் இத்தனை வருஷம் ஓடைத் தண்ணீர் குடித்தும் கரையவில்லை. செம்புக் குழாய் முழுக்கப் பச்சைக் களிம்பு. குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தோம். உயிரோடு ஆணவ மலம் செம்பில் களிம்பு போல ஒட்டியிருக்கிறது என்பது சித்தாந்தத்தின் பழைய உவமை: வெளியிலிருந்து வந்ததல்ல, கூடவே பிறந்தது. வேதியியல் படித்தவன் களிம்பு காற்றும் ஈரமும் செய்த வேலைதான் என்பான். உவமையை அந்த அளவுக்குத் தேய்க்கக் கூடாது.

ரிங் இரண்டு உடைந்திருந்தது. அது மறைவில்லை, அழிவு. ஒப்புக்கொண்டேன். மதுரையில் தேடி அந்த அளவுக்கு ரிங் வாங்கி, நாசிலும் புதிது போட்டோம்.

வேலைக்கு நடுவே ஒருநாள் நான் ரூடால்ஃப் டீசலைப் பற்றிச் சொன்னேன். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் தன் என்ஜினை ஓட்டிக் காட்டியவர், 1913-ல் இங்கிலாந்துக்குப் போன கப்பலில் ஒரு ராத்திரி காணாமல் போனார். "தமிழ்ல எவ்வளவு அழகா சொல்றோம் பாரு, மறைந்தார்னு. செத்தவங்களைக்கூட நாம ஒளிஞ்சிருக்கிறவங்களாத்தான் நினைக்கிறோம்."

தம்பி ஸ்பானரைக் கீழே வைத்தார். "கடல்ல போனவங்களுக்கு நாங்க அப்படிச் சொல்றதில்ல அண்ணாச்சி. உடல் கிடைக்காதவனை மறைஞ்சான்னு சொன்னா, அவன் பொண்டாட்டி வாசல்லயே உக்காந்திருப்பா. செத்துட்டான்னு ஒருத்தர் சொல்லணும். ஏசுவும் முதல்ல லாசரு தூங்குறான்னுதான் சொன்னாரு. சீடருக்குப் புரியலைன்னதும் செத்துட்டான்னு வெளிப்படையாச் சொன்னாரு. அதுக்கப்புறந்தான் எழுப்பப் போனாரு."

எனக்குப் பதில் வரவில்லை. என் மனைவியின் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு 'மறைவு' என்று நானேதான் அச்சகத்தில் எழுதிக் கொடுத்தேன். நல்ல வார்த்தை என்று நினைத்துத்தான். அது யாரை வாசலில் உட்கார வைத்தது என்று அந்தத் தகரக் கூரையின் கீழே யோசித்தேன். நாற்பது வருஷம் இரும்போடு பழகியவன், இரும்புக்குப் பொருந்துகிற தத்துவம் மனுஷனுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டேனோ என்னவோ. பிஸ்டன் அசையும்வரை காத்திருப்பது வேலை. வேறு சில காத்திருப்பு வேலையில்லை.

ஓட்டிப் பார்த்த நாள் மேட்டில் மூடுபனி. டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கினால் சூடாகும். அதில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றும். விறகில் தீ மறைந்திருப்பதையும் அதைக் கடைந்து எடுப்பதையும் அப்பர் பாடியிருக்கிறார். இங்கே காற்றில் மறைந்திருக்கிறது, கடைவது ஹேண்டில். ஆனால் மேடு 1,400 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. குளிர் வேறு. கடலுக்குப் பிறந்த என்ஜின் மலையில் மூச்சு வாங்கும்.

பைப்பில் காற்றெடுத்தோம். பம்பைக் கையால் அழுத்தியபோது நாசில் 'கிறீச்' என்றது. அந்தச் சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது. லீவரைத் தூக்கி, ஹேண்டிலைச் சுற்றி, விட்டோம். வெள்ளைப் புகை. மறுபடியும் வெள்ளைப் புகை. ஸ்டோர் அடுப்பில் காய்ந்த வெந்நீரைக் கொண்டுவந்து என்ஜினுக்குள் ஊற்றினோம். "அபிஷேகம் ஆச்சு" என்றார் தம்பி. காற்று இழுக்கிற வாயில் நாலு சொட்டு ஆயில் விட்டார், ரிங் இறுகட்டும் என்று. நாலாவது தடவை ஒரு வெடி, ஒரு இடைவெளி, இன்னொரு வெடி. பிறகு டக்... டக்... டக். ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் திருநீறு பூசியிருந்த இடத்தில் கரி.

அரை மணி நேரம் ஓடவிட்டு எண்ணெயை அடைத்தேன். சக்கரம் உடனே நிற்காது. வேகம் குறைந்து, உள்ளே இறுகிய காற்றைத் தாண்ட முடியாமல் ஒரு தடவை பின்னுக்கு உருண்டு, முன்னுக்கு வந்து, நின்றது.

"இப்ப என்ன அண்ணாச்சி, செத்துச்சா, மறைஞ்சுச்சா?" என்றார்.

சிலிண்டர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். கையை வைக்க முடியவில்லை. ஹேண்டிலைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.