கணக்கும் கண்ணீரும்

ஷோப்பான் 1839-இல் வெளியிட்ட ஈ மைனர் பிரெலூட் என்னும் சிறு பியானோ உருப்படியை, என் தாயார் மறைந்த மாதத்தில் இசைத்தட்டில் கேட்டு அழுதேன். பிறகு ஒரு நண்பர் அதைப் பிரித்துக் காட்டினார். வலக்கை தொடக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு சுரங்களிலேயே தயங்குகிறது. இடக்கையின் சுரங்கள் ஒவ்வொன்றாக அரைச் சுரம் இறங்குகின்றன. முடிவுக்கு முன் ஒரு மௌனம். இவ்வளவுதானாம்!

கோபம் வந்தது. கணக்குப் போட்டா அழ வைத்தார்? அப்படியானால் என் கண்ணீர்? கேட்க எனக்கு யோக்கியதை இல்லைதான். சாவு வரும் அத்தியாயத்தில் எந்த வாக்கியத்தை வெட்டினால் வாசகர் கலங்குவார் என்று பார்க்கிறவன் நான். வெட்டும்போது நானும் கலங்கியதுண்டு.

1849-இல் பாரிஸ் மாதலேன் ஆலயத்தில், ஷோப்பானின் இறுதிச் சடங்கிலேயே இதை ஆர்கனில் வாசித்தார்கள். கணக்குத் தெரிந்த சங்கீதக்காரர்களும் அங்கே இருந்தார்கள்.

நேற்று மறுபடி கேட்டேன். எந்தச் சுரம் எப்போது இறங்கும் என்று தெரிந்தே காத்திருந்தேன். மௌனம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.