‘நான்’ என்றது யார்?

எல்.ஐ.சி. பாலிசி பத்திரம் கைக்கு வந்ததும் கொங்குநாட்டுக்காரர் முதலில் தொகையைப் பார்ப்பார், அடுத்து நாமினி பெயரை. விளக்குச் சுடரைக் காற்றுப் படாமல் பொத்தி நிற்கும் இரண்டு கைகளையும், கூடவே இருக்கும் சமஸ்கிருதச் சொற்களையும் யாரும் கவனிப்பதில்லை. அவை கீதையின் ஒன்பதாம் அத்தியாயம், 22ஆம் சுலோகத்தின் கடைசித் துண்டு. வேறு நினைவின்றித் தன்னையே எண்ணுகிறவர்களின் நலத்தை ‘நானே’ சுமப்பேன் என்று கண்ணன் தரும் வாக்கு. நிறுவனம் வாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, நிபந்தனையின் இடத்தில் பிரீமியத்தை வைத்துவிட்டது. ஆண்டுத் தவணை தவறினால் இங்கே 30 நாள் அவகாசம் உண்டு. கண்ணன் அப்படி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

1956 செப்டம்பர் 1 அன்று, 245 தனியார் கம்பெனிகளையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கிப் பிறந்த நிறுவனத்தில் அந்த ‘நான்’ யார்?

சோமனூரில் விசைத்தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்காரும் ஏஜென்ட், ‘நீங்க செத்துட்டா’ என்று ஒருநாளும் சொல்லமாட்டார். “ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா...” என்று இழுப்பார். உடனே, “அப்படியெல்லாம் ஆகாதுங்க, மருதமலையான் பாத்துக்குவான்” என்றபடியே ஃபாரத்தை நீட்டுவார். முருகன் பார்த்துக்கொள்வான் என்றால் ஃபாரம் எதற்கு என்று எதிரில் இருப்பவரும் கேட்பதில்லை. மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் ஊர் இது. சாமியையும் கணக்கையும் சேர்த்தே கும்பிடத் தெரியும்.

ஸ்காட்லாந்துப் பாதிரிமாருக்கும் அது தெரிந்திருந்தது. 1744இல் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரு போதகர்கள், இறந்துபோகும் சக போதகர்களின் மனைவி மக்களுக்காக ஒரு நிதி தொடங்கினார்கள். ஜெபத்தோடு நிற்காமல் கணக்கும் போட்டார்கள்: எப்போதும் 930 போதகர்கள் இருப்பார்கள், ஆண்டுக்குச் சராசரி 27 பேர் இறப்பார்கள், அவர்களில் 18 பேர் மனைவியை விட்டுச் செல்வார்கள். எத்தனை பேர் என்பது கணக்கில் கிடைத்துவிட்டது. யார் யார் என்பதைத் தேவனிடமே விட்டுவிட்டார்கள்.

கிளெய்ம் பிரிவில் உட்காருகிறவரிடம் அந்த ‘யார்’ நேரில் வந்து நிற்கும். பெரும்பாலும் மஞ்சப்பையோடு. உள்ளே பாண்டு, இறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக். பாண்டில் ‘செல்லம்மாள்’, ஆதாரில் ‘செல்லாத்தாள்’. இருவரும் ஒருவரே என்று கிளார்க்குக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். தெரிந்தால் போதாது, தாள் வேண்டும்.

அதைவிடக் கடினம், பாலிசி போட்டு மூன்று ஆண்டுக்குள் நேர்ந்த சாவு. ‘எர்லி கிளெய்ம்’ என்பார்கள். விசாரணைக்குப் போகிறவர், காரியம் முடிந்து சில நாளே ஆன வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “ஐயனுக்கு முன்னாடியே சுகர் இருந்துச்சுங்களா?” என்று கேட்க வேண்டும். இழவு வீட்டில் சந்தேகப்படுவது பாவமா? ஆமென்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அவர் காப்பது வேறு யார் யாரோ மாதாமாதம் கட்டிய பணம். பொய் சொல்லி எடுத்த பாலிசிக்கு அதிலிருந்து கொடுத்தால், கேட்கத் தெரியாத நாலு பேரிடமிருந்து எடுப்பதாகும். கண்ணனுக்கு உண்மை தெரியும், விசாரிக்க வேண்டியதில்லை. அவன் சொன்ன ‘நான்’ என்ற சொல்லைச் சம்பளத்துக்குச் சுமக்கிறவருக்கோ, கேட்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை.

எல்லாம் சரியானால் கடைசியில் 3801ஆம் நம்பர் டிஸ்சார்ஜ் ஃபாரம். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அந்த அம்மா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுகிறார். கடைசி ‘ள்’ளுக்குப் புள்ளி வைக்கும்வரை, பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கிளார்க் காத்திருக்கிறார்.